அத்தானின் செம்மஞ்சள் குளிசைகள்

கடந்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, யாழ்ப்பாணத்து இணுவிலில் உள்ள அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அத்தான் உள்ளே போய் அலுமாரியிலிருந்து ஒரு வெள்ளைப் போத்தலை எடுத்துவந்து என் கையில் தந்தார். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மகன், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய போத்தல் அது. “தம்பி, நீ கெமிஸ்ற்றி படிப்பிச்சனி தானே. இது கான்சர் வராமல் தடுக்குமாம். ஒருக்கா வாசிச்சுச் சொல்லு, ஒரு நாளைக்கு இரண்டு போடுறது காணுமோ, மூண்டு போடவேணுமோ?” என்று கேட்டார். போடலாமா, போடக்கூடாதா என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. போத்தலின் முகப்பில் பச்சை இலை ஒன்றின் படம் இருந்தது. தாவர மூலத்திலிருந்து பெறப்பட்டது என்று அதன் கீழே எழுதியிருந்தது. இலையிலிருந்து வந்த பொருள் எப்படித் தீங்கு செய்யும் என்று நினைப்பது மனித இயல்பு.

அத்தானுக்கு வயது 68. நாற்பது வருடங்களுக்கு மேலாகச் செம்மண் தோட்டத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். பதினேழாவது வயதில் தகப்பனாரின் கட்டிலிருந்து எடுத்துப் பற்றவைத்த சுருட்டை அவர் இன்றுவரை விடவில்லை. நாளொன்றுக்கு ஐந்து சுருட்டு. சில நாள்களில் ஆறு. குடாநாட்டுப் புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூர் வரை போன வரலாற்றை அவர் பெருமையாகச் சொல்லுவார். அந்தப் பயிரால் பிள்ளைகளைப் படிப்பித்த மனிதரிடம் அதைக் குறை சொல்ல எனக்கும் நா எழுவதில்லை.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலின் பின்புறத்தை வாசித்தேன். ஒரு கப்சூலில், கரட்டுக்கு நிறம் கொடுக்கும் பொருளான பீற்றா கரோட்டின் 25,000 அலகு இருந்தது. ஓர் அலகு என்பது 0.6 மைக்ரோகிராம், ஆகவே ஒரு கப்சூலில் 15 மில்லிகிராம். அத்தான் இரண்டு போடுகிறார் என்றால் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதி முடித்தபோது எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அந்த 30 என்ற எண் எனக்குத் தெரிந்த எண். ஏன் என்று பின்னர் சொல்லுகிறேன்.

அக்காவிடம் ஒரு குண்டூசி வாங்கி ஒரு கப்சூலைக் குத்திப் பார்த்தேன். உள்ளிருந்து கெட்டியான எண்ணெய் ஒரு துளி வெளியே வந்தது. ஆவணி மாதத்துப் பனங்களியைப் போன்ற கடும் செம்மஞ்சள் நிறம். விரலில் பட்டால் சவர்க்காரம் போட்டாலும் இலகுவில் போகாது. அந்த நிறத்தை நான் முப்பது வருடங்களாகக் கரும்பலகையில் வரைந்து விளக்கியிருக்கிறேன். பீற்றா கரோட்டின் மூலக்கூறில் 40 காபன் அணுக்கள் உள்ளன. ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த 11 இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அந்த நீண்ட தொடர் நீல ஒளியை உறிஞ்சுவதால் எமது கண்ணுக்குச் செம்மஞ்சள் தெரிகிறது. அதே தொடர்தான் சுயாதீன மூலிகங்கள் என்று நாம் படிப்பிக்கும், சோடி சேராத இலத்திரனுடன் அலையும் துகள்களுக்கு இலத்திரனைக் கொடுத்து அவற்றை அடக்கவும் செய்கிறது. இந்த மூலிகங்கள் கலத்தினுள் டி.என்.ஏயைச் சேதப்படுத்தும், அந்தச் சேதம் திருத்தப்படாமல் குவிந்தால் புற்றுநோய் தொடங்கலாம், ஆகவே இப்படி மூலிகங்களை அடக்கும் ஒட்சியேற்ற எதிரிகளை அதிகம் உட்கொண்டால் புற்றுநோய் குறையும் என்று நானே எத்தனையோ உயர்தர வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு கூற்றுகளும் சரி. ஆனால் மூன்றாவது, அவற்றிலிருந்து தானாகப் பிறக்கும் முடிவு அல்ல. அதை மனிதரில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது; சோதித்துப் பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. இதை நான் அறிந்துகொண்டது பிந்தித்தான். அதற்கு முன்னர் என்னிடம் படித்துப்போன பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அந்த எதிர்பார்ப்பு அறிவற்ற எதிர்பார்ப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மரக்கறியும் பழமும் அதிகம் உண்பவர்களிடமும், இரத்தத்தில் கரோட்டின் அதிகம் உள்ளவர்களிடமும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல நாடுகளின் அவதானங்கள் காட்டின. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் டோல் உள்ளிட்ட ஆய்வாளர்கள், 1981 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில், உணவிலுள்ள பீற்றா கரோட்டின் புற்றுநோயைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்குமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் அதைக் கேள்வியாகத்தான் வைத்தார்கள். விற்பவர்கள் அதை விடையாக மாற்றிக்கொண்டார்கள்.

கேள்விக்கு விடை தேடிய பரிசோதனைகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று பின்லாந்தில் 1985 இல் தொடங்கியது. 50 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் அதில் சேர்ந்தார்கள். சிலருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின், சிலருக்கு 50 மில்லிகிராம் விற்றமின் ஈ, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கப்பட்டது. யாருக்கு எது கிடைக்கிறது என்பது உட்கொண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஐந்து முதல் எட்டு வருடங்கள் வரை இது நடந்தது. முடிவு 1994 இல் வெளிவந்தபோது, பீற்றா கரோட்டின் உட்கொண்டவர்களிடையே 474 பேருக்கும், உட்கொள்ளாதவர்களிடையே 402 பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. 18 சதவீத அதிகரிப்பு. காக்க வேண்டிய குளிசையை உட்கொண்டவர்களுக்கே அதிகம் வந்தது.

இந்த ஆய்வில் என் மனத்தை விட்டு அகலாத ஒரு செய்தி உண்டு. பரிசோதனை தொடங்கியபோது ஒவ்வொருவரும் என்ன உண்கிறார், அவருடைய இரத்தத்தில் எவ்வளவு கரோட்டின் உள்ளது என்பதையும் பதிந்து வைத்திருந்தார்கள். தொடக்கத்திலேயே உணவின் மூலம் அதிக கரோட்டின் பெற்றிருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. அதே மனிதர்கள், அதே நாடு, அதே மூலக்கூறு. கறிச்சட்டியின் வழியாகப் பெற்றவரிடம் புற்றுநோய் குறைவு. குளிசையின் வழியாகப் பெற்றவரிடம் கூடுதல். அப்படியென்றால் மரக்கறி உண்பவரைக் காத்தது கரோட்டின் மட்டும் அல்ல. அந்த மரக்கறியில் இருந்த வேறு நூறு பொருள்களாக இருக்கலாம், நார்ச்சத்தாக இருக்கலாம், அவர் குறைவாகப் புகைப்பதாக இருக்கலாம், குறைவாகக் குடிப்பதாக இருக்கலாம். கரோட்டின் அந்த வாழ்க்கையின் அடையாளம். அடையாளத்தை மட்டும் பிரித்தெடுத்துப் போத்தலில் அடைத்தால் வாழ்க்கை கூட வருவதில்லை.

இனி அந்த 30 என்ற எண். அமெரிக்காவில், புகைப்பவர்களும் முன்னர் புகைத்தவர்களும் அஸ்பெஸ்டஸ் தூசியில் வேலை செய்தவர்களுமாக 18,314 பேருக்கு, நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் பீற்றா கரோட்டினும் 25,000 அலகு விற்றமின் ஏயும் கொடுத்து ஒரு பரிசோதனை நடந்தது. அத்தான் தானாகவே தேர்ந்துகொண்ட அதே 30 மில்லிகிராம். குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே, 1996 ஜனவரியில், அதை நிறுத்திவிட்டார்கள். குளிசை பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், எல்லாக் காரணங்களாலும் ஏற்பட்ட இறப்பு 17 சதவீதமும் கூடியிருந்ததே காரணம். அதே வருடத்தில், பெரும்பாலும் புகைக்காத 22,071 அமெரிக்க ஆண் வைத்தியர்களிடம் பன்னிரண்டு வருடங்கள் நடந்த வேறொரு பரிசோதனையின் முடிவும் வந்தது. அவர்களுக்குப் பீற்றா கரோட்டினால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. புகைக்காதவருக்கு வீண்செலவு, புகைப்பவருக்கு ஆபத்து. குளிசையை யார் அதிகம் விரும்பி வாங்குகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறதோ என்ற பயம் உள்ளவர், அதாவது புகைப்பவர்.

இதை அத்தானுக்குச் சொல்லத் தொடங்கியபோது அவர் குறுக்கிட்டார். “அது இங்கிலீசு மருந்து, பக்ரறியில செய்தது. இது இயற்கை. பாசியில இருந்து எடுத்ததெண்டு மகன் சொன்னவன்” என்றார். இது எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதம் அல்ல. விற்பவர்களும் இதையே சொல்லுகிறார்கள். அந்தப் பரிசோதனைகளில் கொடுக்கப்பட்டது தொழிற்சாலையில் தொகுக்கப்பட்ட கரோட்டின் என்பது உண்மை. உப்புநீர்ப் பாசியிலிருந்து எடுக்கும் கரோட்டினில் மூலக்கூறின் வளைந்த வடிவமும் கலந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதிலும் கணிசமான பகுதி தொழிற்சாலையில் செய்யப்படும் அதே நேரான மூலக்கூறுதான். பாசியிலிருந்து வந்தது என்பதற்காக அது புகைப்பவரின் நுரையீரலில் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்று எந்தப் பரிசோதனையும் நிறுவவில்லை. புகையிலையும் இயற்கைதான், அத்தானுடைய தோட்டத்தில் அவருடைய கையாலேயே நட்டது. இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு எனக்கு விளங்கிய அளவில் சொல்லுகிறேன். பின்லாந்தில் குளிசை உட்கொண்டவர்களின் இரத்தத்தில் கரோட்டின் முன்பிருந்ததைப் போல் ஏறத்தாழ 17 மடங்காக உயர்ந்தது. 100 கிராம் கரட்டில் இருப்பது சுமார் 8 மில்லிகிராம். அதிலும் உடல் உறிஞ்சுவது ஒரு பங்குதான். எவ்வளவு கரட் தின்றாலும் எண்ணெயில் கரைத்த குளிசை ஏற்றும் அளவுக்கு ஏறாது. சுருட்டுப் புகை நிறைந்த நுரையீரலுக்குள் இவ்வளவு கரோட்டின் போய்ச் சேரும்போது, அது தானே ஒட்சியேறிச் சிதைந்து, தீங்கு செய்யும் துண்டுகளாக மாறுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கீரியைப் போன்ற பெரெட் என்னும் சிறு விலங்கு கரோட்டினை உறிஞ்சும் விதம் மனிதரை ஒத்தது. அந்த விலங்குகளுக்கு அதிக கரோட்டினைக் கொடுத்துப் புகையையும் சுவாசிக்க வைத்தபோது, அவற்றின் நுரையீரலில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் தோன்றியதை 1999 இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உள்ளது. சுயாதீன மூலிகங்களை நாம் வெறும் பகைவர்களாகவே நினைத்துக்கொண்டோம். உடல் அவற்றைத் தன் தேவைக்கும் பயன்படுத்துகிறது. கிருமிகளைக் கொல்லவும், திருத்த முடியாதபடி பழுதடைந்த கலத்தை அழிக்கவும் அவை வேண்டும். புற்றுநோய்க் கலமும் ஒரு கலம்தான். ஒட்சியேற்றத்தின் நெருக்கடி அதற்கும் உண்டு. வெளியிலிருந்து ஒட்சியேற்ற எதிரியைக் கொட்டினால் நல்ல கலத்துக்கு மட்டும் அது குடை பிடிக்காது. சுவீடனில் கோத்தன்பேர்க் ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரலில் சிறு கட்டிகள் உள்ள எலிகளுக்கு விற்றமின் ஈ கொடுத்தபோது கட்டிகள் வேகமாக வளர்ந்தன. பழுதடைந்த கலங்களைத் தடுத்து நிறுத்தும் பி53 என்ற புரதம் அந்தக் கலங்களில் குறைந்துவிட்டிருந்தது. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பின்லாந்தில் மனிதருக்கு நடந்ததை விளங்கிக்கொள்ள இது உதவுகிறது.

விற்றமின் ஈயின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. அதே பின்லாந்துப் பரிசோதனையில் விற்றமின் ஈ பெற்றவர்களுக்குப் புரஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 32 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அந்த நம்பிக்கையில் அமெரிக்காவை மையமாகக் கொண்டு 35,533 ஆண்களிடம் விற்றமின் ஈயையும் செலனியம் என்ற கனிமத்தையும் வைத்துப் பெரும் பரிசோதனை ஒன்று தொடங்கியது. பயன் தெரியவில்லை என்று 2008 இல் குளிசைகள் நிறுத்தப்பட்டன. தொடர்ந்து அவதானித்தபோது, விற்றமின் ஈ மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக இருந்தது என்று 2011 இல் அறிவித்தார்கள்.

நன்மை கண்ட இடமும் உண்டு. அதை மறைத்தால் நானும் விற்பவர்களைப் போல ஆகிவிடுவேன். உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்கள் மிக அதிகமாக இருந்த சீனாவின் லின்சியன் மாவட்டத்தில், ஏறத்தாழ 30,000 பேரிடம் 1986 முதல் 1991 வரை நடந்த பரிசோதனையில், பீற்றா கரோட்டின், விற்றமின் ஈ, செலனியம் ஆகிய மூன்றும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களிடம் புற்றுநோய் இறப்பு 13 சதவீதம் குறைந்தது. அந்த மக்கள் நீண்ட காலமாகச் சத்துக் குறைபாட்டில் வாழ்ந்தவர்கள். இதை அத்தானுக்குச் சொன்னபோதுதான் அவர் முதன்முறையாகத் தலையசைத்தார். “காய்ஞ்ச பாத்திக்குத் தண்ணி விட்டால் வெங்காயம் நிமிரும். ஊறிக்கிடக்கிற பாத்திக்கு இன்னும் விட்டால் கிழங்கு அழுகும்” என்றார். முப்பது வருடம் படிப்பித்த நான் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையும் போலிக்கமிலமும் காய்ந்த பாத்திக்கு விடும் தண்ணீர். அவற்றை யாரும் இந்தக் கட்டுரையைக் காட்டி நிறுத்திவிடக் கூடாது.

அக்கா வீட்டுப் பாத்தி காய்ந்த பாத்தி அல்ல. கிணற்றடியில் முருங்கை நிற்கிறது, வேலியோரத்தில் பொன்னாங்காணி, மதியச் சோற்றுக்கு வல்லாரைச் சம்பலோ முருங்கையிலை வறையோ இல்லாத நாள் குறைவு. வறைக்குத் தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டுவது சுவைக்காக மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள்; சிறிது சூடும் சிறிது கொழுப்பும் சேர்ந்தால்தான் இலையின் கலங்களிலிருந்து வெளியே வந்து குடலில் உறிஞ்சப்படும். எங்கள் ஆச்சிமாரின் கைப்பழக்கம் அதைச் செய்துவந்திருக்கிறது. பனங்காய்ப் பணியாரத்தின் நிறமும் கரோட்டினோயிட்டுகளின் நிறம்தான். இப்போது இதே முருங்கையிலையைப் பொடியாக்கிக் கப்சூலில் அடைத்து, கொழும்பிலிருந்து கொண்டுவந்து எங்களுக்கே விற்கிறார்கள். முருங்கை நிற்கும் வீட்டில் அந்தப் போத்தலைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மஞ்சளைப் பற்றியும் கேட்பார்கள். கறியில் போடும் மஞ்சளின் பொருள் இரத்தத்தில் மிகக் குறைவாகவே ஏறும். அதை மிஞ்சுவதற்காகக் குளிசைகளில் மிளகின் சாரத்தைச் சேர்க்கிறார்கள். உறிஞ்சுதல் பல மடங்கு கூடுகிறது. சட்டியில் போடும் மஞ்சள் செய்யாததை அந்தச் செறிவூட்டிய குளிசை செய்யக்கூடும்: 2019 இல் இத்தாலியில் மஞ்சள் குளிசை உட்கொண்ட பலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதாகப் பதிவாகியது. பச்சைத் தேயிலைச் சாரமும் அப்படியே. அதிலுள்ள கற்றெக்கின்கள் என்ற பொருள்களுள் முக்கியமானது நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ குளிசையாகப் போனால் ஈரலுக்குப் பாதிப்பு ஏற்படும் அறிகுறிகள் தோன்றுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் அறிவித்தது. ஊற்றிக் குடிக்கும் தேநீருக்கு இந்தப் பயம் தேவையில்லை.

யாழ்ப்பாண நகரில் ஒரு மண்டபத்தில் நடந்த விளக்கக் கூட்டம் ஒன்றுக்கு என்னை அயலவர் ஒருவர் அழைத்துப்போனார். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் ஒருவர், கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து அதில் கடும் பழுப்பு நிறத் திரவம் சில துளிகள் விட்டார். “இதுதான் உங்கட உடம்புக்குள்ள இருக்கிற நஞ்சு” என்றார். பிறகு தாங்கள் விற்கும் பழச்சாற்றுத் தூளில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். பழுப்பு நிறம் கண்முன்னே மறைந்து நீர் தெளிந்தது. சபையில் ஒரு மூச்சு எழுந்தது; எனக்கு முன் வரிசையில் இருந்த, மொட்டாக்குப் போட்ட ஒரு தாய் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். அவருடைய வீட்டில் யாருக்கு நோயோ, அல்லது அவருக்கேயோ, தெரியாது. அந்தப் பழுப்புத் திரவம் அயடீன். தூளில் இருக்கும் விற்றமின் சீ அயடீனை நிறமற்ற அயடைட்டாக மாற்றும். உயர்தர ஆய்வுகூடத்தில் விற்றமின் சீயின் அளவை அறிய நாங்கள் செய்விக்கும் நியமிப்புப் பரிசோதனை அதுதான். அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டாலும் அதே குவளை அப்படியே தெளியும். குவளைக்குள் நடந்தது உண்மையான இரசாயனம். அதற்கும் அந்தத் தாயின் வீட்டில் இருக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது இன்றும் மனத்தை அறுக்கிறது.

எங்கள் நாட்டு ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்ற தட்டம் எங்கள் நன்மை தீமை எல்லாவற்றிலும் உள்ளது. அதைப் பழிக்கும்போது சபையில் முகங்கள் சுருங்குவதை அறிவேன். ஆனால் புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985 இலேயே முடிவு செய்தது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே போதும் என்று 2004 இல் வெளியான அதன் தொகுதி சொல்லுகிறது. பாக்கை மட்டும் மெல்லுகிறேன், புகையிலை இல்லை என்று ஆறுதல்பட இடமில்லை.

என் சின்னம்மாவுக்கு 74 வயது. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படலம் தோன்றி, காரம் பட்டால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ சொல்லி அவரும் ஐந்து மாதமாக ஒரு கப்சூலைப் போட்டுக்கொண்டு, வெற்றிலையையும் விடாமல் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். இத்தகைய வெள்ளைப் படலங்களை வைத்துக் கேரளத்தில் ஒரு பரிசோதனை நடந்து 1997 இல் வெளியானது. ஒரு வருடம் பீற்றா கரோட்டின் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கும், விற்றமின் ஏ பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும் படலம் முற்றாக மறைந்தது. வெற்றுக் குளிசை பெற்றவர்களில் 10 சதவீதத்தினருக்கே மறைந்தது. இதை மட்டும் வாசித்தால் யாருக்கும் மகிழ்ச்சி வரும். ஆனால் குளிசையை நிறுத்திய பின்னர், குணமடைந்தவர்களில் கரோட்டின் பெற்றவர்களில் பாதிப்பேருக்கும் விற்றமின் ஏ பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் அது திரும்பி வந்தது. படலம் மறைவதும் புற்றுநோய் வராமல் போவதும் ஒன்றல்ல. அது வைத்தியர் கண்காணித்த பரிசோதனை என்பதையும் மறக்கக் கூடாது. சின்னம்மாவின் கப்சூலை யார் கண்காணித்தார்கள்? அந்த ஐந்து மாதமும் வாயைத் திறந்து ஒரு பல் வைத்தியரிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிடம் போதும். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசும் இல்லை. குளிசை செய்யும் தீமைகளில் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியைக் கொடுத்து, செய்ய வேண்டியதை அது தள்ளிப்போட வைக்கிறது.

தெல்லிப்பழையில் இன்று புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி சேர்த்து அதற்கு வழி செய்தார்கள். அங்கே சிகிச்சை பெறுபவர்களைப் பார்க்கப் போகும் உறவினர்கள், ஹோர்லிக்ஸ் போத்தலோடு இத்தகைய கப்சூல் போத்தலையும் கொண்டுபோவதைக் கண்டிருக்கிறேன். அன்பினால் செய்கிறார்கள், ஆனால் கேட்டுச் செய்ய வேண்டும். கதிர்ச் சிகிச்சையும் சில மருந்துகளும் அந்தச் சுயாதீன மூலிகங்களை உண்டாக்கித்தான் புற்றுநோய்க் கலத்தை அழிக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 540 பேரிடம் நடந்த பரிசோதனையில், விற்றமின் ஈ உட்கொண்ட காலத்தில் இரண்டாவது புற்றுநோய் வருவது அதிகமாக இருந்தது என்று 2005 இல் வெளியிட்டார்கள். அங்கே கொடுத்துவந்த பீற்றா கரோட்டினை, அமெரிக்கப் பரிசோதனையின் செய்தி வந்ததும் இடையிலேயே நிறுத்தியிருந்தார்கள். என்ன போத்தல் வீட்டில் இருக்கிறது என்பதைச் சிகிச்சை அளிக்கும் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

புற்றுநோயைத் தடுப்பதற்காகச் சத்துக் குளிசைகளை நம்ப வேண்டாம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லுகிறது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் செயற்குழு 2022 இல், புற்றுநோயைத் தடுப்பதற்காகப் பீற்றா கரோட்டினையோ விற்றமின் ஈயையோ உட்கொள்ள வேண்டாம் என்று நேரடியாகவே கூறியது. தடுக்க முடிந்ததை நாங்கள் வேறு இடங்களில் செய்துகொண்டுதான் இருக்கிறோம்: 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் தடுப்பூசி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசைத் தடுக்கிறது. என் பேத்திக்கும் போட்டாயிற்று. புகைத்தலை விட்டுப் பத்து வருடம் ஆனவருக்கு, நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அத்தானிடம் இதைச் சொன்னபோது, “எனக்கு இப்ப 68. பத்து வருசம் எண்டால் 78. அப்பு 81 வரை இருந்தவர்” என்று விரலில் எண்ணினார்.

கப்சூல்களை அவர் அன்றே நிறுத்திவிட்டார். மகனுக்கு நானே தொலைபேசியில் பேசினேன். அவன் முதலில் கோபப்பட்டான், பிறகு அழுதான். அப்பாவுக்கு எதையாவது செய்யவேண்டும் என்றுதான் அனுப்பினேன் மாமா என்றான். அது எனக்குத் தெரியும் என்றேன். சுருட்டு இன்னும் நிற்கவில்லை. ஐந்து மூன்றாகியிருக்கிறது, விடிய எழும்பியதும் பற்றவைக்கும் முதல் சுருட்டை விடுவதுதான் கடினம் என்கிறார்.

சின்னம்மாவின் கன்னத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவைப் பெற வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குப் போகவேண்டும். முச்சக்கரவண்டிக்குச் சொல்லியாயிற்று. அத்தானும் கூட வருகிறார். சின்னம்மாவைக் கூட்டிப்போகத்தான் வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தாலும், அத்தானுடைய பெயருக்கும் ஒரு கிளினிக் இலக்கத் துண்டு எடுக்கும்படி நேற்று மாலை அக்கா எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.